நீளமான சயின்ஸ் வார்த்தையை சிலபிளா உடைச்சுப் படிக்கிறது எப்படி

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு பிளஸ் ஒன்ல இங்கிலீஷ் மீடியம் மாறுற பசங்க, நர்சிங் முதல் வருஷம் சேர்ற பொண்ணுங்க, இவங்களுக்கெல்லாம் பாடம் புரியாம இல்ல. ஒளிச்சேர்க்கைன்னா என்னன்னு நல்லா விளக்குவாங்க. ஆனா ஃபோட்டோசின்தசிஸ்ங்கிற வார்த்தை 14 எழுத்தோட இங்கிலீஷ்ல வந்து நிக்கிறப்ப கண்ணு முதல் அஞ்சு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு மீதியை விட்டுடுது, வாய் ஏதோ ஒண்ணை சொல்லி முழுங்கிடுது, வாய் முழுங்குன இடத்துலதான் பரீட்சைல ஸ்பெல்லிங்கும் தப்பாகுது. இதுக்கு மனப்பாடம் பண்ணு, நூறு தடவை எழுதுன்னு சொல்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வார்த்தையை உடைக்கத் தெரிஞ்சா போதும், உடைக்கிறதுக்கு முறை இருக்கு.

அந்த முறை இதுதான்: முதல்ல அர்த்தத்துல வெட்டுங்க, அப்புறம் சத்தத்துல வெட்டுங்க. ரெண்டு வெட்டும் ஒரே இடத்துல விழணும்னு இல்ல, நிறைய வார்த்தைல விழவே விழாது. குழப்பம் எல்லாம் இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுலதான் வருது.

மொதல்ல சிலபிள்னா என்னன்னு பார்த்துடலாம். ஒரு வார்த்தையை சொல்றப்ப எத்தனை உயிர் சத்தம் கேக்குதோ அத்தனை சிலபிள், அவ்வளவுதான். எழுத்தை எண்ணாதீங்க, சத்தத்தை எண்ணுங்க. தாடைக்கு அடியில புறங்கையை வச்சுக்கிட்டு மெதுவா சொன்னீங்கன்னா ஒவ்வொரு உயிர் சத்தத்துக்கும் தாடை ஒரு தடவை கீழ இறங்கி கையில தட்டும், தட்டுனதை எண்ணிக்கலாம். ஃபோ-டோ-சின்-த-சிஸ், அஞ்சு. ஸ்கூல்ல தமிழ் இலக்கணத்துல அலகிட்டுப் படிச்ச நேரசை நிரையசையை இங்க கொண்டு வந்துடாதீங்க. கருவிளம் நமக்கு நிரை நிரைன்னு ரெண்டே அசை, ஆனா இங்கிலீஷ் கணக்குல க-ரு-வி-ளம்னு நாலு சிலபிள். நிரைல ரெண்டு உயிர் சத்தம் ஒண்ணா சேர்ந்துக்கும், இங்கிலீஷ்ல சேராது.

தமிழ் பேசுற நமக்குன்னே வர்ற ஒரு சிக்கல் இருக்கு, இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. தமிழ்ல மெய்யெழுத்துல வார்த்தை தொடங்காது, அதனால நாம எழுதுறப்பவே நடுவுல ஒரு உயிரை சொருகிடுறோம். புரோட்டீன், குளோரோபில், கிரோமோசோம், புரோமின், எல்லாம் புத்தகத்துலயே இப்படித்தான் இருக்கு. தமிழ்ல எழுதுறதுக்கு அது சரி. ஆனா அதையே வச்சு சிலபிள் எண்ணுனா புரோட்டீன் மூணாயிடும், இங்கிலீஷ்ல அது ப்ரோ-டீன், ரெண்டுதான். குளோரோபில் நாலு இல்ல, க்ளோ-ர-ஃபில், மூணு. கிரோமோசோம் க்ரோ-ம-ஸோம், அதுவும் மூணு. அதனால நோட்டுல இங்கிலீஷ் உச்சரிப்பை தமிழ்ல எழுதி வச்சுக்கிறவங்க புள்ளி வச்சே எழுதுங்க, பார்க்க அழகா இல்லாட்டியும் பரவால்ல, கு-வும் பு-வும் போட்டா நாக்குல அந்தக் கூடுதல் சிலபிள் ஒட்டிக்கும், அப்புறம் எடுக்கறது கஷ்டம்.

இப்ப அர்த்த வெட்டு. சயின்ஸ் வார்த்தைகள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டி செஞ்சது. ஃபோட்டோ வெளிச்சம், சின்தசிஸ் சேர்த்து உண்டாக்குறது. கார்டியோ இதயம், காஸ்ட்ரோ வயிறு, ஹெபடோ கல்லீரல், நெஃப்ரோ சிறுநீரகம், ஆஸ்டியோ எலும்பு, ஹீமோ ரத்தம். கடைசில வர்றது இன்னும் முக்கியம்: ஐடிஸ்னா அழற்சி, ஈமியான்னா ரத்தம் சம்பந்தப்பட்டது, ஸ்கோபின்னா உள்ள பார்க்கிறது, எக்டமின்னா வெட்டி எடுக்கறது. ஒரு ஐம்பது துண்டு கைல இருந்தாலே பயாலஜி புத்தகத்துல நீளமான வார்த்தைகள் நிறைய தானா பிரிஞ்சுடும். புது வார்த்தையைப் பார்த்தவுடனே பென்சில்ல இந்தத் துண்டுகளுக்கு நடுவுல ஒரு கோடு போடுங்க, இன்னும் வாயைத் திறக்காதீங்க.

அடுத்து சத்த வெட்டு. பொதுவா ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரே ஒரு மெய் இருந்தா அது அடுத்த சிலபிளுக்குப் போகும், ரெண்டு மெய் இருந்தா இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. ட்ர, க்ள, ப்ர மாதிரி சேர்ந்தே வர்ற ஜோடியைப் பிரிக்கக் கூடாது, பி எச் சேர்ந்து ஃப் ஆகுறது, டி எச் சேர்ந்து த் ஆகுறது, இதெல்லாம் ஒரே சத்தம், அதையும் பிரிக்கக் கூடாது. இதை டிக்‌ஷனரி சில இடத்துல வேற மாதிரி காட்டும், மெய்யை முன் சிலபிளோட சேர்க்கலாமா பின்னாடி சேர்க்கலாமாங்கிறதுல டிக்‌ஷனரிக்கு டிக்‌ஷனரி வித்தியாசம் உண்டு, அதுல ரொம்ப மண்டையை உடைச்சுக்காதீங்க. எண்ணிக்கை சரியா இருக்கணும், அழுத்தம் சரியான இடத்துல விழணும், அது ரெண்டும்தான் முக்கியம்.

ரெண்டு வெட்டும் எப்படி விலகிப் போகும்னு பார்க்க ஹெலிகாப்டரை எடுத்துக்கோங்க. நாமெல்லாம் ஹெலி, காப்டர்னுதான் வெட்டுவோம். உண்மையில அர்த்தத் துண்டு ஹெலிக்கோ, அதாவது சுருள், அதுக்கு அப்புறம் ப்டெர், அதாவது இறக்கை. வெட்டு பி எழுத்துக்கு முன்னாடி விழுது. ஆனா சத்தத்துல ஹெ-லி-காப்-டர், பி முன் சிலபிளுக்குப் போயிடுச்சு. இதே ப்டெர் தான் பூச்சி வகைப்பாட்டுல வரிசையா வருது: வண்ணத்துப்பூச்சி எல்லாம் லெ-பி-டாப்-ட-ரா, வண்டு எல்லாம் கோ-லி-ஆப்-ட-ரா. ஆர்க்கியாப்டெரிக்ஸும் அதேதான், ஆர்-கி-ஆப்-ட-ரிக்ஸ், அஞ்சு. அப்ப டெரோடாக்டில்ல மட்டும் ஏன் பி சத்தம் காணாமப் போச்சு? அங்க பி டி ரெண்டும் வார்த்தையோட தொடக்கத்துல நிக்குது. இங்கிலீஷ் வாய்க்கு ப்ட-ன்னு தொடங்க வராது, அதனால முதல் எழுத்தை விட்டுடுது. நடுவுல வந்தா பி-க்கு ஒதுங்க முன்னாடி ஒரு சிலபிள் இருக்கு, அதுல போய் உக்காந்துக்கும், சத்தமும் கேக்கும்.

இந்த ஒரே விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா சைலன்ட் லெட்டர்னு தனித்தனியா மனப்பாடம் பண்ணுன பாதி வார்த்தை ஒரே விதில அடங்கிடும். நிமோனியால பி கேக்காது, ஆப்னியால கேக்கும், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற அந்த ஸ்லீப் ஆப்னியாதான், ஆப்-னி-யா. நிமானிக்ல எம் கேக்காது, அம்னீசியால கேக்கும். சைக்காலஜில பி கேக்காது, பை-ஆப்-ஸில கேக்கும். நைஸ்ங்கிற பாறைல ஜி கேக்காது, டை-அக்-னோ-சிஸ்ல கேக்கும். பிளஸ் ஒன் ஜுவாலஜில வர்ற டீனோஃபோரா சி எழுத்துல தொடங்குறதும் இதனாலதான். கடைசிலயும் இதே கதைதான், டயஃப்ரம்ல ஜி வாயை மூடிக்கும், டை-ய-ஃப்ரக்-மா-டிக்னு நீண்டவுடனே ஜி-க்கு ஒதுங்க இடம் கிடைச்சு கேக்க ஆரம்பிச்சுடும். அதனால எழுத்து ஒண்ணு கேக்கலைன்னா அதோட சொந்தக்கார வார்த்தை ஒண்ணைத் தேடுங்க, அங்க கேக்கும், ஸ்பெல்லிங்கும் மறக்காது.

இதோட உச்சம்னா எனக்கு பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல இருக்குற அந்த இண்டிகேட்டர் பாட்டில்தான். அமிலத்துல நிறமே இல்லாம இருந்துட்டு காரம் ஒரு சொட்டு கூடுனவுடனே பிங்க் ஆகுமே, தமிழ் புத்தகத்துல பினாப்தலீன். லேபிள்ல 15 எழுத்து, நடுவுல எல், பி, எச், டி, எச்னு அஞ்சு மெய் வரிசையா நிக்கும், பார்த்தவுடனே வாய் அடைச்சுடும். வெட்டிப் பாருங்க. ஃபீனால் ஒரு துண்டு, தால் ஒரு துண்டு, ஈன் கடைசித் துண்டு. அடால்ஃப் வான் பேயர் 1871-ல ஃபீனாலையும் தாலிக் அன்ஹைட்ரைடையும் சேர்த்துத்தான் இதை செஞ்சாரு, பேர்லயே ரெண்டு சரக்கும் இருக்கு. அந்த தால் துண்டு எங்கருந்து வந்துச்சுன்னா நாஃப்தலீன்லருந்து, பீரோல போடுற பாச்சை உருண்டை அதுதான். நாஃப்-த-லீன்னு சத்தம் ஃப்-க்கு அப்புறம் வெட்டுது, கெமிஸ்டுங்க ஃப்-க்கு முன்னாடி வெட்டி நா-வை மட்டும் கழட்டிட்டு மீதியைத் தனி துண்டாக்கிட்டாங்க. அதனால பி எச் டி எச்னு நாலு எழுத்துல தொடங்குற விசித்திரமான துண்டு ஒண்ணு கிடைச்சுச்சு, தொடக்கத்துல அது வாய்க்கு வராததால பி எச் சத்தம் விழுந்து தாலிக், தாலேட்னு ஆச்சு. இண்டிகேட்டர் பேர்லயும் எல்-க்கு அப்புறம் அந்த ஃப் நுழைய இடம் இல்லாததால பெரும்பாலும் விட்டுட்டு ஃபீ-நால்-தா-லீன்னு நாலு சிலபிளா சொல்றாங்க. சொல்றப்ப நாலு, எழுதுறப்ப ஃபீனால் கூட்டல் தால் கூட்டல் ஈன். டிஃப்தீரியா, ஆஃப்தல்மாலஜி ரெண்டுலயும் இதே பி எச் டி எச்தான் வருது, அங்க நடுவுல இருக்கறதால ரெண்டு சத்தமும் கேக்கும், டிஃப்-தீ-ரி-யா, ஆஃப்-தல்-மா-ல-ஜி. அதை டிப்-னு சொல்றவங்கதான் எழுதுறப்ப முதல் எச்-ஐ விட்டுடுறாங்க.

உயிரெழுத்து பக்கத்துல பக்கத்துல வர்றப்பவும் அர்த்த வெட்டுதான் காப்பாத்தும். ஈசோஃபேகஸ் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல ஓ ஈ சேர்ந்து தொடங்குது, ஒரே சத்தம், ஈ-ஸா-ஃப-கஸ். அதே ஓ ஈ காஸ்ட்ரோஎன்டரைடிஸ்ல வர்றப்ப ரெண்டு சத்தம், ஏன்னா காஸ்ட்ரோ ஒரு துண்டு என்டர் ஒரு துண்டு, நடுவுல மூட்டு இருக்கு, காஸ்-ட்ரோ-என்-ட-ரை-டிஸ், ஆறு. ஜுவாலஜில ரெண்டு ஓ ஒட்டி நின்னாலும் முதல் ஓ விலங்குங்கிற துண்டோடது, அடுத்த ஓ லஜியோட சேர்றது, அதனால நாலு சிலபிள். கோஎன்ஸைம், மைக்ரோஆர்கனிஸம் எல்லாம் இதே கணக்கு. மூட்டுல சந்திக்கிற உயிர் ரெண்டும் தனித்தனியா நிக்கும்னு வச்சுக்கிட்டா பெரும்பாலும் சரியா வரும். இது இல்லாம நடுவுலயோ கடைசிலயோ ஐ-க்கு அப்புறம் ஏ, ஓ, யு வந்தாலும் நிறைய இடத்துல ரெண்டா எண்ணணும், மை-ட-கான்-ட்ரி-யா அஞ்சு, ரே-டி-யஸ் மூணு.

கடைசில வர்ற ஈ பொதுவா பேசாது, என்ஸைம் ரெண்டுதான், ரைபோஸோம் மூணுதான். ஆனா இதயத்துடிப்பு பாடத்துல வர்ற சிஸ்டோல், டயஸ்டோல்னு நாம சொல்ற ரெண்டுலயும் அந்த ஈ பேசும்: சிஸ்-ட-லீ மூணு, டை-ஆஸ்-ட-லீ நாலு. மயக்கத்துக்கு சொல்ற சின்கபியும் அப்படித்தான், சின்-க-பீ. ஆல்கே, லார்வே மாதிரி ஏ ஈ-ல முடியுற பன்மை வார்த்தைல அது ஒரே சத்தம், ஆல்-ஜீ, லார்-வீ. இஸம்னு முடியுறதுல எஸ், எம் நடுவுல உயிரெழுத்தே இல்லாட்டியும் சத்தம் உண்டு, அதையும் எண்ணணும், ம-டா-ப-லி-ஸம், அஞ்சு.

எண்ணிக்கை வந்துடுச்சு, இப்ப அழுத்தம். தமிழ்ல நாம எல்லா அசையையும் கிட்டத்தட்ட சமமா சொல்லுவோம், இங்கிலீஷ்ல ஒண்ணைத் தூக்கி சொல்லிட்டு மத்ததை மங்கலா விடுவாங்க. நல்ல செய்தி என்னன்னா சயின்ஸ் வார்த்தைல அழுத்தம் எங்கன்னு வால் பார்த்தே சொல்லிடலாம். இக்-னு முடிஞ்சா அதுக்கு முந்தின சிலபிள்: ஆட்டம்ல முதல்ல இருந்த அழுத்தம் அ-டா-மிக்ல டா-வுக்குப் போயிடும், ஃபோ-டோ-சின்-தெ-டிக்ல தெ-வுக்கு. ஆர்செனிக், அரித்மெடிக் மாதிரி சிலது இதுக்கு அடங்காது. ஷன்னு முடிஞ்சாலும் முந்தின சிலபிள், ட்ரான்ஸ்-ப-ரே-ஷன்ல ரே. லஜி, க்ரஃபி, நமி, மெட்ரி, ஸ்கபின்னு முடிஞ்சா கடைசிலருந்து மூணாவது, ப-யா-ல-ஜில யா, எண்டாஸ்கபில டாஸ். ஐடிஸ்னு முடிஞ்சா அந்த ஐ மேலதான், ஹெ-ப-டை-டிஸ். மீட்டர் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: தெர்மோ கூட்டல் மீட்டர்தான், ஆனா கருவின்னா தெர்-மா-மி-டர்னு மூட்டுல இருக்குற ஓ மேல அழுத்தம் ஏறி மீட்டர் மங்கிடும், பராமீட்டர் கருவி இல்லாட்டியும் மூட்டுல இருக்குற ஏ மேல அப்படியேதான். அளவுன்னா முதல் சிலபிள் மேல நிக்கும், சென்டிமீட்டர், மில்லிமீட்டர். லேப்ல இருக்குற ஸ்க்ரூகேஜுக்கு இன்னொரு பேரு மை-க்ரா-மி-டர், மீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு மை-க்ரோ-மீ-டர், ஸ்பெல்லிங் கிட்டத்தட்ட ஒண்ணு, அழுத்தம் வேற. அம்மீட்டர், வோல்ட்மீட்டர்ல மூட்டுல ஓ இல்ல, அதனால அழுத்தம் முன்னாடியே தங்கிடுது.

சொல்லிப் பழகறதுக்கு பின்னாலருந்து ஆரம்பிங்க. முன்னாலருந்து ஆரம்பிச்சா நடுவுல மூச்சும் தைரியமும் போயிடும், கடைசிப் பக்கம் எப்பவும் பழகாமலே நின்னுடும். எண்டாஸ்கபி ரிப்போர்ட்ல ஓஜிடின்னு சுருக்கிப் போடுறாங்களே அதை முழுசா எடுத்துக்கலாம். அர்த்தம்: உணவுக்குழாய், வயிறு, சிறுகுடலோட முதல் பாகம், பார்க்கிறது, அதே வரிசைல ஈசோஃபகோ, காஸ்ட்ரோ, டூஓடிநோ, ஸ்கபி. இப்ப கடைசித் துண்டை மட்டும் சொல்லுங்க: நாஸ்-க-பி. அது வழுக்கிக்கிட்டு வந்த பிறகு டூ-ஓ-டி-நாஸ்-க-பி. அப்புறம் காஸ்-ட்ரோ-டூ-ஓ-டி-நாஸ்-க-பி. கடைசியா முன்னாடி ஈ-ஸா-ஃப-கோ. மொத்தம் 12 சிலபிள். ஒவ்வொரு தடவையும் புதுசா சேர்க்குறதை சொல்லிட்டு ஏற்கனவே பழகுன இடத்துக்குள்ள நுழையுறதால வாய் தடுக்காது, அழுத்தம் விழற நாஸ்ஸும் முதல்லயே உறுதியா உக்காந்துடும்.

கெமிஸ்ட்ரி பேர்கள் நீளமா இருந்தாலும் இதைவிட சுலபம், ஏன்னா துண்டுகள் அப்படியே திரும்பத் திரும்ப வரும். டிடிடிக்கு 31 எழுத்து, ஆனா டை-க்ளோ-ரோ, டை-ஃபீ-னைல், ட்ரை-க்ளோ-ரோ, ஈ-தேன்னு நாலு துண்டு, 11 சிலபிள். டிஎன்ஏ-ல முதல் வார்த்தை டீ-ஆக்-ஸி-ரை-போ-ந்யூ-க்ளீ-யிக், எட்டு. மருந்துப் பேர்ல மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை, அங்க துண்டுகளைப் பாதியா நறுக்கி ஒட்டியிருப்பாங்க. பாராசிட்டமால்ங்கிறது பாரா அசிடைல் அமினோ ஃபீனால்லருந்து பாரா, அசெட், அம், ஆல்னு அங்கங்க கிள்ளி எடுத்து சேர்த்தது, அங்க அர்த்த வெட்டைத் தேடுனா கண்ணுக்குத் தெரியாது, நேரா சத்தத்துக்குப் போயிடுங்க, பா-ர-சீ-ட-மால்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட், தீசிஸ் டைப் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. வரிக் கடைசில ஹைஃபன் போட்டு உடைக்கிறது சிலபிள் பிரிக்கிறதோட நெருங்குன சொந்தம்தான், ஆனா அதே இல்ல. ஒத்தை எழுத்தைத் தனியா விடக் கூடாதுங்கிறதால இவாப்பரேட்டுக்கு நாலு சிலபிள் இருந்தும் சில டிக்‌ஷனரில தலைப்புல ரெண்டு புள்ளிதான் இருக்கும். அதனால தலைப்புல இருக்குற புள்ளியை எண்ணி சிலபிள் கணக்கு போடாதீங்க, பக்கத்துல இருக்குற உச்சரிப்பைப் பாருங்க. அமெரிக்கக்காரங்க சத்தத்தைப் பார்த்து உடைப்பாங்க, பிரிட்டிஷ் பழக்கம் அர்த்தத் துண்டைப் பார்த்து உடைக்கும், ஃபோட்டோகிராஃபியை அமெரிக்கக்காரங்க ஜி-க்கு அப்புறமும் பிரிட்டிஷ்காரங்க ஜி-க்கு முன்னாடியும் வெட்டுவாங்க. கம்ப்யூட்டர்ல இதை தானா செய்யுறதுக்கு ஸ்டான்ஃபோர்ட்ல ஃப்ராங்க் லியாங் 1983-ல முனைவர் பட்ட ஆய்வா ஒரு முறை கொண்டு வந்தாரு, தீசிஸ், புத்தகம் அச்சுக்கு அமைக்கிற டெக் (TeX) மென்பொருள் அதைத்தான் இன்னிக்கும் பயன்படுத்துது. ஆனா ஏற்கனவே ஹைஃபன் இருக்குற கெமிக்கல் பேரை டெக் வேற இடத்துல உடைக்காது, அது மார்ஜினைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கும். அங்க துண்டு மூட்டுல நீங்களே பேக்ஸ்லாஷும் ஹைஃபனும் போடணும், வேர்ட்ல கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டு ஹைஃபன். எங்க போடணும்னு சந்தேகம் வந்தா மூட்டுலயே போடுங்க, படிக்கிறவங்க கண்ணுக்கு அதுதான் நல்லது.

பழகிப் பார்க்க மூணு வார்த்தை தர்றேன், விடையைப் பார்க்காம முதல்ல கோடு போட்டு வெட்டிட்டு அப்புறம் தாடையில கை வச்சு எண்ணுங்க. எலக்ட்ரோஎன்செஃபலோகிராம், இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அப்புறம் 1935-ல அமெரிக்காவுல புதிர் பிரியர்கள் சங்கக் கூட்டத்துல நீளமா இருக்கணும்னே உருவாக்குன 45 எழுத்து நுரையீரல் நோய்ப் பேரு pneumonoultramicroscopicsilicovolcanoconiosis, டாக்டருங்க சிலிகோஸிஸ்னு சொல்ற வகையறாதான். விடை: எ-லெக்-ட்ரோ-என்-செ-ஃப-லோ-க்ராம், எட்டு. இம்-யூ-நோ-ஹிஸ்-டோ-கெ-மிஸ்-ட்ரி, அதுவும் எட்டு. கடைசியா ந்யூ-மோ-நோ, அல்-ட்ரா, மை-க்ரோ-ஸ்கா-பிக், சி-லி-கோ, வால்-கே-நோ, கோ-நி-யோ-சிஸ், மொத்தம் 19.